இரவலாக வந்த எக்ஸ்ரே

போன ஞாயிற்றுக்கிழமை மாலை. மாடி வீட்டு நிவேதிதா லேப்டாப்போடு வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்தாள். அவர்கள் வீட்டில் வைஃபை படுத்துவிட்டதாம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட், மறுநாள் ரிவ்யூ.

உட்கார்ந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"ஐயோ ஆன்ட்டி, இந்தப் பேப்பர் ஓபன் ஆகவே மாட்டேங்குது! சுத்திக்கிட்டே இருக்கு!"

எவ்வளவு நேரமாக? பத்து செகண்டாக!

நான் சிரித்ததில் அவளுக்குக் கோபம். காபி கொடுத்துச் சமாதானம் செய்வதற்குள் பேப்பர் திறந்துவிட்டது. எந்த நாட்டிலிருந்தோ, யாரோ ராப்பகலாக உட்கார்ந்து எழுதியது... வந்து அவள் மடியில் விழுந்தது. எனக்கு ஒரே ஒரு கட்டுரை வந்து சேர மூன்று வாரம் ஆனது. அதுவும் பஸ்ஸில் வந்தது.

அந்தக் கதையை இந்தப் பக்கத்தில் இதுவரை சொன்னதில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் ஓசூரில் எம்.காம். இரண்டாம் வருஷம். மூக்கண்டப்பள்ளியில், ஒரே சுவரை நாலு குடும்பம் பங்குபோட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் எங்களுடையது கடைசி. அப்பாவுக்குச் சாத்தூர் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே வேலை தேடி ஓசூருக்கு வந்தவர். இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் வேலை. எங்கள் தெருவில் வலது பக்கம் கன்னடம், இடது பக்கம் தெலுங்கு. அப்பா இரண்டையும் சாத்தூர் ராகத்தில் பேசுவார். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

அதற்கு முந்தின பனிக்காலத்தில் அப்பாவுக்கு இருமல் வந்தது. முதலில் பனி என்றோம். ஓசூர் பனிக்கு இருமாதவர் யார்? அப்புறம் மார்கழி போய், தை போய், வெயிலே வந்துவிட்டது. இருமல் போகவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் எங்கள் வழக்கமான டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "டி.பி. மாதிரி இருக்கு" என்று மாத்திரை ஆரம்பித்தார். சளி டெஸ்டில் ஒன்றும் வரவில்லை. சில பேருக்கு அப்படித்தான், வராது என்றார். நல்ல மனிதர். எங்களிடம் பல தடவை ஃபீஸே வாங்கமாட்டார்.

மாதங்கள் போயின. மாத்திரையும் உள்ளே போனது. இருமல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் டி.பி. என்றால் வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? யாரும் எதுவும் சொல்லாமலேயே அப்பா தனக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டதும் தானே கழுவி அங்கேயே கவிழ்த்துவிடுவார். வீட்டு ஓனரம்மா ஒருநாள் வாசலில் நின்றபடியே அம்மாவிடம், "சின்னப் பசங்க இருக்கற காம்பவுண்டு பாருங்க... வேற வூடு எதுனா பாத்துக்கினா நல்லாயிருக்கும்" என்றார். அம்மா உள்ளே வந்து அரிசி களைய உட்கார்ந்தார். ரொம்ப நேரம் களைந்துகொண்டே இருந்தார்.

எங்கள் கல்லூரி லைப்ரரியில் அப்போதுதான் ஒரு மூலையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டிருந்தார்கள். பெங்களூரில் இருக்கிற சில பெரிய லைப்ரரிகளோடு சேர்ந்து ஒரு ஏற்பாடு. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் டேட்டாபேஸில் நாம் தேடலாம். சுருக்கம் மட்டும் திரையில் தெரியும். முழுசாக வேண்டுமென்றால், எந்த லைப்ரரியில் இருக்கிறதோ அங்கிருந்து இரவல் கேட்கலாம். அதற்குப் பெயர் இன்டர் லைப்ரரி லோன். இதை வீட்டில் சொன்னபோது அம்மா பதறிப்போனார். "லோனா? இருக்கற நெலமைல எதுக்குடி லோன் போடுற?"

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பொறுப்பு செல்வி அக்கா. காவேரிப்பட்டினத்துக்காரர். படித்து முடித்து வந்த முதல் வேலை. என்னைவிட மூன்று நாலு வயதுதான் பெரியவர். லைப்ரரியின் பாஸ்வேர்டை அடிக்கும்போது கீபோர்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த டேட்டாபேஸை உபயோகிக்க அவரும் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் கல்லூரியில் வேறு யாரும் அந்தப் பக்கமே வரவில்லை. அதனால் அப்பாவின் இருமலைப் பற்றித் தேட நான் போய் நின்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே... புதிதாகக் கடை திறந்தவர் முதல் கஸ்டமரைப் பார்ப்பதுபோல.

இருமல் என்று ஆங்கிலத்தில் அடித்தோம். ஆயிரக்கணக்கில் கொட்டியது. டி.பி. என்று சேர்த்தோம். அப்போதும் கொட்டியது. செல்வி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்டி தேடுனா ரிடையர் ஆவற வரைக்கும் படிச்சிகினு இருக்கணும். உங்கப்பா இன்னா வேல பண்றாரு?"

"கம்பெனில."

"ஓசூர்ல எல்லாரும் கம்பெனிதான். உள்ள போயி இன்னா பண்றாருன்னு கேட்டேன்."

யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அப்பா ஷிஃப்டுக்குப் போவார், வருவார், சட்டையை வாசலில் உதறுவார். அவ்வளவுதான் தெரியும்.

அன்று சாயங்காலம் கேட்டேன். அப்பாவுக்குக் கூச்சம். மகள் இப்படியெல்லாம் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் கையைக் காற்றில் ஆட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார்.

"மணல்ல அச்சு செஞ்சு, இரும்பக் காய்ச்சி உள்ள ஊத்துவாங்க பாப்பா. ஆறுனப்புறம் அச்ச ஒடச்சுப் பீஸ வெளிய எடுத்தா, மேல பூராம் மண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதத் தட்டி எடுத்து, கிரைண்டர்ல தேச்சுப் பளபளன்னு ஆக்கணும். அதான் நம்ம வேல."

"தூசி வருமாப்பா?"

அப்பா சிரித்தார். "தூசியா! எதுத்தாப்ல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. கர்ச்சீப்பக் கட்டிக்கிடுவோம்."

மறுநாள் ஃபவுண்டரி, மணல், தூசி, நுரையீரல் என்று வார்த்தைகளைச் சேர்த்து அடித்தோம். திரை நிதானமாக யோசித்தது. இந்தத் தடவை கொட்டவில்லை. ஒரு கைப்பிடி கட்டுரைகள்தான். அத்தனையிலும் ஒரே ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. சிலிகோசிஸ். இரண்டு பேருக்கும் அர்த்தம் தெரியாது. செல்வி அக்கா எழுந்துபோய்த் தடிமனான டிக்‌ஷனரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மணல் தூசியைப் பல வருஷம் சுவாசிப்பதால் நுரையீரலில் வரும் நோய் என்று போட்டிருந்தது. திரையில் ஒரு கட்டுரைச் சுருக்கத்தில், இது டி.பி. என்று அடிக்கடி தவறாக நினைக்கப்படுகிறது என்று ஒரு வரி.

அந்த வரியை நாங்கள் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படித்தோம்.

முழுக் கட்டுரை ஒரு பெரிய புத்தகத்தில் இருந்தது. புத்தகம் பெங்களூரில். இரவல் கேட்க எங்கள் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். அவர் தலைப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"காமர்ஸுக்கும் நுரையீரலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சார்... என் ப்ராஜெக்ட், தொழிலாளர்கள் ஏன் லீவு போடறாங்கங்கறதப் பத்தி. அதுல ஒரு காரணம்..."

பொய் இல்லையே? அப்பா அந்த மாதம் பாதி நாள் லீவுதான். சார் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம். தினமும் லைப்ரரி வாசலில் எட்டிப் பார்ப்பேன். செல்வி அக்கா உதட்டைப் பிதுக்குவார். நடுவில் ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் ஒரு பந்த் வந்து, கர்நாடகா பஸ் எதுவும் அத்திப்பள்ளி தாண்டி வரவில்லை. எனக்கு அது தண்ணீர்ப் பிரச்சினையாகவே தெரியவில்லை. என் புத்தகத்தைத்தான் பார்டரில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது!

ஒரு வழியாக வந்தது. பிரவுன் பேப்பர் சுற்றி, சணல் கட்டி. உள்ளே நடுப்பக்கங்களில் வழவழ தாளில் எக்ஸ்ரே படங்கள். எங்கேயோ ஒரு ஊரின் ஃபவுண்டரித் தொழிலாளர்களுடையவை. அப்பாவின் எக்ஸ்ரேயை வீட்டில் வெளிச்சத்துக்கு நேராக எத்தனையோ தடவை பிடித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் படங்களில் ஒன்று அப்படியே அதுதான். அரிசியைத் தூவினதுபோல் இரண்டு பக்கமும் மேலே சின்னச் சின்னப் புள்ளிகள்.

டாக்டரிடம் காட்ட வேண்டுமே! ஜெராக்ஸ் எடுத்தோம். எழுத்தெல்லாம் அழகாக வந்தது. எக்ஸ்ரே படங்கள் மட்டும் தார் பூசினதுபோல் கன்னங்கரேலென்று வந்தன. திரும்ப எடுத்தோம். திரும்பவும் தார்.

"புத்தகத்தையே கொண்டுபோகட்டுமாக்கா?"

"வெளில போவக் கூடாது. லைப்ரரிக்குள்ள வெச்சிதான் படிக்கணும்னு எழுதி அனுப்பிகிறாங்க. காணாம போனா என் வேல போயிடும்."

செல்வி அக்கா புத்தகத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ட்ராயரைப் பூட்டினார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அரநாள் லீவு சொல்ட்டு வரேன். புத்தகம் என் கையவிட்டுப் போவாது. எங்க போவணும், சொல்லு."

இப்படித்தான் அன்று சாயங்காலம் டாக்டர் க்ளினிக்கின் பெஞ்சில் அப்பா, நான், செல்வி அக்கா, புத்தகம் என்று நாலு பேர் டோக்கனுக்குக் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு அம்மா செல்வி அக்காவிடம் விசாரித்தார். "ஒடம்புக்கு இன்னாம்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. புத்தகத்துக்குத் துணையா வந்துகிறேன்."

அந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே போனதும் புத்தகத்தைப் பிரித்து டாக்டர் மேஜையில் வைத்தேன். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகியது.

"இதையெல்லாம் யார் உன்னைத் தேடச் சொன்னது? நீ காமர்ஸ் தானேம்மா படிக்கிற?"

அப்பாதான் பேசினார். "புள்ளைக ஆசப்பட்டு எடுத்துட்டு வந்துருக்குக சார். ஒரு தடவ பாத்துருங்களேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். அப்பாவின் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். புத்தகத்தைத் தூக்கி அதன் பக்கத்தில் பிடித்தார். பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். வெளியே அடுத்த டோக்கன்காரர் கதவைத் தட்டினார். இவர் நிமிரவில்லை.

பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "கம்பெனில உங்களுக்கு என்ன வேலை?"

அப்பா சொன்னார். எனக்குச் சொன்னதையே. கையைக் காற்றில் ஆட்டி.

"எவ்வளவு வருஷமா?"

"இவ பொறக்கறதுக்கு முன்ன இருந்து சார்."

டாக்டர் அப்பாவின் சீட்டை எடுத்துப் பார்த்தார். "வேலை: கம்பெனி-ன்னு எழுதியிருக்கேன்... பீடி குடிப்பீங்களான்னுகூடக் கேட்டேன். இதைக் கேக்கல." எங்களிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. உடனே பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். கொடுக்கும்போது, "இந்தப் புத்தகம் ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டுமா?" என்றார்.

"குடுக்கக் கூடாதுங்க டாக்டர்" என்று செல்வி அக்கா டக்கென்று புத்தகத்தை எடுத்துக்கொண்டார். "நீங்க லைப்ரரிக்கு வாங்க. ஃபேனுக்குக் கீழ சேர் போட்டுக் குடுக்கறேன்."

வந்தார்! அந்தச் சனிக்கிழமை மத்தியானம், எங்கள் கல்லூரி லைப்ரரியில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலிருந்து பார்த்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன்.

பெங்களூரில் விதவிதமான டெஸ்ட். முடிவு வந்தது. டி.பி. இல்லை, மணல் தூசிதான். போன நுரையீரல் போனதுதான், திரும்பாது என்றார்கள். இனி அந்தத் தூசிப் பக்கமே போகாவிட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா? அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இது ஒட்டிக்குமா டாக்டர்?"

"ஒட்டாதும்மா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக ஜன்னலுக்குப் போனார். அந்தத் தட்டையும் டம்ளரையும் எடுத்து மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவிக் கூடையில் போட்டார். எது அப்பாவுடையது என்று அப்புறம் எங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஓனரம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல அம்மாவே போனார். என்ன பேசினாரோ, காலி செய்யும் பேச்சு அதோடு நின்றது.

அப்பாதான் மசியவில்லை. "வேற வேல எனக்கு என்ன தெரியும்?" என்று திரும்பவும் அதே ஷெட்டுக்கே கிளம்பினார். நான் அந்தக் கட்டுரையைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுசாக. நடுவில் நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும், "எங்கூட வேல பாக்குற ரங்கப்பாவுக்கும் இதே இருமல்தான்" என்றார். மறுநாள் ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மேனேஜரிடம் என்ன பேசினார், எத்தனை தடவை பேசினார் என்று எங்களுக்குச் சொன்னதில்லை. பெட்டி கட்டி லாரியில் ஏற்றும் பகுதிக்கு மாற்றினார்கள். ஓவர்டைம் கிடையாது. பரவாயில்லை, தூசியும் கிடையாது. அவர் சொல்லி இன்னும் சில பேர் டாக்டரிடம் போனார்கள். ரங்கப்பா மாமா போகவில்லை. "சூஸ்தாம், சூஸ்தாம்", பார்க்கலாம் பார்க்கலாம் என்று தெலுங்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அவர் போய்ச்சேர்ந்த அன்று அப்பா சாப்பிடவில்லை.

அப்பா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். மெதுவாக நடந்தார், மாடி ஏறமாட்டார், அவ்வளவுதான். என் கல்யாணத்தில் பந்தியில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தார். ஓசூர் பெரிதாகிக்கொண்டே போனதை வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்தார். செல்வி அக்கா இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் தலைமை நூலகர்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த நாள்தான்.

பார்சலில் அனுப்பியிருக்கலாம். அடுத்த செக்கப்புக்கு எப்படியும் பெங்களூர் போகிறோமே, நாமே கொடுப்போம் என்று அப்பா பிடிவாதம். செல்வி அக்கா ஆயிரம் பத்திரம் சொல்லி, பிரவுன் பேப்பர் சுற்றிக் கொடுத்தார். அந்த லைப்ரரியின் படிக்கிற ஹால் எங்கள் தெரு நீளம் இருந்தது. அத்தனை பேர் இருந்தும் பக்கம் புரட்டுகிற சத்தம் மட்டும். நான் கவுன்ட்டரில் புத்தகத்தைக் கொடுத்து ரசீது வாங்கித் திரும்பினால், அப்பாவைக் காணோம்.

வெளியே வராந்தா கடைசியில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று இருமிக்கொண்டிருந்தார். உள்ளே இருமினால் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு என்று, அதுவரை அடக்கிவைத்துக்கொண்டு அத்தனை தூரம் நடந்திருக்கிறார். வாட்ச்மேன் ஒரு பாட்டில் தண்ணீரோடு ஓடிவந்தார். "கூத்கொள்ளி அண்ணா, நீரு குடீரி" என்று கன்னடத்தில் சொல்லிப் படியில் உட்காரவைத்தார்.

பஸ்ஸில் திரும்பினோம். அத்திப்பள்ளி நெருங்கும்போது அப்பா கேட்டார்.

"பாப்பா, அந்தப் புத்தகத்துல எக்ஸ்ரே போட்டிருந்தாங்களே... அவுகள்லாம் இப்ப எப்பிடி இருக்காக?"

"அது பழைய புத்தகம்பா. தெரியல."

"என் எக்ஸ்ரே மாரியே ஒண்ணு இருந்துச்சே. அவரு பேரு என்ன?"

"பேரெல்லாம் போட மாட்டாங்கப்பா. கேஸ் நம்பர் மட்டும்தான்."

யாரோ எங்கேயோ, சட்டையைக் கழற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க நின்றிருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒருவர் மிஞ்சினார். அவர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது.

"பேரு தெரியாம சாமிகிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றார் அப்பா. "சரி, நம்பரச் சொல்லு."

"ஏழுப்பா."

கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார்.